தண்ணீர் பார்க்க ஆள் வேண்டும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு கிளம்புகிறான் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எந்த ஊர், எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய் என்றுதான் கேட்பார்கள். சிங்கப்பூரும் துபாயும் குவைத்தும் இங்கே திருவாரூர், மன்னார்குடி போல வாயில் புழங்கும் பெயர்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் வட்டாரங்களில் தெருவுக்கு நாலு வீடாவது கடல் தாண்டி வந்த காசில் எழும்பியவை. நாகூர்ப் பக்கம் இப்படிப் பிழைக்கப் போய் வருகிறவருக்குச் சபராளி என்றே பெயர். சபராளி வீட்டுக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும்.

அதே தெருவில் ஒரு பையன் வேலையை விட்டுவிட்டு முதுகில் ஒரு பையோடு கிளம்பினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

"என்ன தம்பி, சிங்கப்பூரா?"

"இல்ல பெரியப்பா. மலேசியா, தாய்லாந்து, அப்படியே வியட்நாம் வரைக்கும்."

"வேலை?"

"வேலைக்கு இல்ல. சுத்திப் பாக்கத்தான். நாலஞ்சு மாசம்."

"கூட யாரு வர்றா?"

"யாரும் இல்ல."

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. அல்லது இருப்பதை அந்தப் பையனின் அப்பாவிடம் கேட்டுக்கொள்வார். இந்தத் திகைப்பைப் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்குவது சுலபம், தப்பும்கூட. ஆயிரம் வருஷமாகக் கடல் கடக்கத் தெரிந்த சீமை இது. இந்த ஒரு பயணம் மட்டும் ஏன் அதன் தொண்டையில் சிக்குகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் போய் வந்தது. பிடித்த ஊர்களின் பெயர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே வரிசையாக இருக்கின்றன: இலங்காசோகம், மாதமாலிங்கம், மாநக்கவாரம் என்று நீளும் பட்டியல். இலங்காசோகத்தை இன்றைய தாய்லாந்தின் பத்தானிப் பக்கத்தோடும், மாதமாலிங்கத்தை நக்கோன் சி தம்மராட்டோடும் பொருத்துகிறார்கள். மாநக்கவாரம் நிக்கோபார். பாங்காக்கிலிருந்து மலேசிய எல்லை நோக்கி ராத்திரி ரயிலில் இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், பாதித் தூக்கத்தில், இந்தப் பட்டியலின் ஊடாகத்தான் போகிறார்கள். படையெடுப்புக்கு 20 வருஷம் முன்னால், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுப்ப, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தின் வருமானத்தை எழுதிக்கொடுத்தான். போக்கும் வரத்தும் இரண்டு பக்கமும் இருந்தது.

படைகளைவிட ருசியான சாட்சி ஒன்று தாய்லாந்தின் மேற்குக் கரையில், தக்குவாபாவில் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ராஜேந்திரனுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. உடைந்த கல், சில வரிகளே மிச்சம். ஒருவர் அவனிநாரணம் என்ற பெயரில் குளம் வெட்டினார், அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலிலும் சேனாமுகத்தார் என்ற படையினரின் காவலிலும் விட்டார் என்பது செய்தி. அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். குளம் வெட்டியவரின் பெயரை நாங்கூருடையான் என்று படித்து, அந்த நாங்கூர் சீர்காழிப் பக்கத்து ஊராக இருக்கலாம் என்று கருதினார் நீலகண்ட சாஸ்திரி. அப்படியென்றால் நம் மனிதர் காவிரிக் கடைமடையிலிருந்து கடல் தாண்டிப் போயும் செய்த வேலை என்ன? குளம் வெட்டியிருக்கிறார். அதோடு நிற்காமல், அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் நியமித்திருக்கிறார். டெல்டாக்காரனுக்கு இதைவிட நல்ல அடையாளச் சான்று கிடையாது.

இந்தப் போக்குவரத்தில் ஒருவர்கூடத் தனியாகப் போனதாகத் தெரியவில்லை. படை, வணிகக் குழு, ஜாதிக் கூட்டம், கங்காணியின் ஆள்கட்டு, வேண்டுதல் கூட்டம் என்று எல்லாம் கூட்டம்தான். தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா 1820இல் காசிக்குக் கிளம்பியபோது கூடப் போனவர்கள் சுமார் 3,000 பேர். திரும்பி வர இரண்டு வருஷம் போலாயிற்று. ராஜா என்பதால் 3,000. அவ்வளவு வசதி இல்லாதவன் ஏழெட்டுப் பேரோடு போனான். அதுவும் முடியாதவன் கல்யாணத்தன்று குடையும் தடியுமாகக் காசிக்குக் கிளம்பினான். மாமனார் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பிக் கூட்டிவந்தார். ஒரு ஆண்பிள்ளை தனியாகத் தேசாந்திரம் போவதை நம் வழக்கம் எப்படிக் கையாண்டது என்பதற்கு அந்தச் சடங்கு போதும். போகட்டும், ஆனால் தெருமுனை வரை.

தரங்கம்பாடியிலிருந்து ஒருவர் நிஜமாகவே வெகுதூரம் போனார். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1714இல் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிச் சென்றார். சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. தமிழ் வாயில் மறக்காமல் இருக்க அவருக்குத் துணை மலையப்பன்தான். அவர் அங்கே என்ன பார்த்தார், முதல் பனியை எப்படித் தாங்கினார் என்பதை அவர் சொல்லில் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. துணைக்குப் போனவர் கதை எப்போதும் கூட்டிப்போனவர் கதைக்குள்தான் இருக்கும்.

அப்புறம் கப்பல் காலம். நாகப்பட்டினத்தில் ஆழ்துறைமுகம் இல்லாததால் கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும். தகரப் பெட்டி, பாய், கூஜா, சில சமயம் அழுகிற குழந்தை, எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு அலையில் ஆடியபடி போய்ச் சேர வேண்டும். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. டெக்கில் பாய் விரித்த இடம்தான் வீடு. பக்கத்துப் பாய்க்காரர் இறங்குவதற்குள் சொந்தக்காரராகிவிடுவார். கிளம்புமுன் நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அதே தர்காவின் மறுவடிவத்தைக் கண்டார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் உள்ளது 1830 வாக்கில் எழுந்தது. இறங்கியதும் வேண்டுதலை முடித்துவிடலாம். அந்நியம் என்ற உணர்ச்சிக்கு இடமே கொடுக்காத ஏற்பாடு.

தனியாகப் போனவர் என்று தேடினால் முதலில் தட்டுப்படுகிறவர் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவின் ராமானுஜன். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பல் ஏறினார். அதற்கு மூன்று வாரம் முன்புதான், பிப்ரவரி 24 அன்று, பாம்பன் பாலம் திறந்திருந்தது. எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் தனுஷ்கோடி போய், அங்கிருந்து நீராவிப் படகில் தலைமன்னார் சேர்ந்து, கொழும்பு வரை ஒரே டிக்கெட்டில் ஆளைக் கொண்டுபோய் விடும் காலம் அப்போது தொடங்கியது. டெல்டாவின் வாசற்படிக்கே வெளிநாடு வந்துவிட்ட வருஷம்.

ஆனால் ராமானுஜனுக்கு முன்னால் நின்றது தூரமல்ல, அம்மா. கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. கடல் தாண்டினால் ஜாதி போய்விடும். பிறகு கனவில் தெய்வ உத்தரவு கிடைத்தது என்றார்கள். கனவு நிஜமோ இல்லையோ, அந்த வீட்டுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அது கிடைத்தது. கிளம்புமுன் அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு குடுமி போயிற்று. கோட்டும் காலரும் ஏறின. அந்தக் கோலத்தில் தன்னை அம்மா பார்க்கக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டி அனுப்பினார் என்று சொல்கிறார்கள்.

கேம்பிரிட்ஜில் குளிர்கால இரவு. அங்கே படிக்கும் நண்பர் மகலநோபிஸ் அவர் அறைக்குப் போகிறார். ராமானுஜன் ராத்திரியில் நடுங்குவதாகச் சொல்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருக்கிறது. அவற்றை விலக்கி உள்ளே புக வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார். கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? ஈட்டா பங்ஷனோடு மல்லுக்கட்டும் மூளைக்கும் சக மனிதன் ஒருவன் வந்து கம்பளியை விலக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. தனியாகப் போவதன் ஆபத்தும் அழகும் இந்த மாதிரி அற்ப விஷயங்களில்தான் இருக்கிறது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவர் பார்சலில் அனுப்பச் சொன்னது கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காயெண்ணெயும். இன்றைக்கு மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக ஏழு கிலோதான் அனுமதி. அந்த ஏழுக்குள் புளிக்காய்ச்சல் பாட்டிலை நுழைத்துவிட எந்த அம்மாவும் போராடத்தான் செய்கிறார். நூறு கிராம் எண்ணெய்ப் பொருளுக்கு விமான நிலையத்தில் நடக்கும் வாக்குவாதம் தனி.

ராமானுஜனும் காரணத்தோடு போனவர்தான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் லண்டன் போனது, விருப்பமில்லாமல் ஏற்ற நூலகர் வேலைக்குப் பயிற்சி எடுக்க. போன இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார். செல்பிரிட்ஜஸ் கடையில் ஒரு விளையாட்டுச் சாமான், திருகாணியும் தகடுமாகப் பிரித்துப் பிரித்துக் கோக்கும் மெக்கானோ, அவரது கோலன் பகுப்புமுறைக்குப் பொறியானது. திரும்பும் கப்பலின் நூலகத்தையே அடுக்கிப் பார்த்தபடி வந்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று மாதக்கணக்கில் சுற்றியது அரசாங்கக் காரியமாக. தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் வானொலி உத்தியோகத்தில் இருந்தபடி ஜப்பானையும் கருங்கடல் பக்கத்தையும் ஆஸ்திரேலியாவையும் பார்த்து எழுதினார். ஆஸ்திரேலியப் பயண நூலுக்கு அவர் வைத்த தலைப்பு 'அடுத்த வீடு ஐம்பது மைல்'. ஒரே சுவரில் இரண்டு குடும்பம் சாய்ந்திருக்கும் அக்ரகாரத்து ஆளுக்குத்தான் அந்தத் தலைப்பு தோன்றும்.

பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு கிளம்பியவர் என்றால் டெல்டாவுக்குத் தெற்கே, கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரைத்தான் சொல்ல வேண்டும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று அட்லாண்டிக் கடலில் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருந்தால் நம்மைப் போன்றவர். மூன்று வருஷம், ஒரு லட்சம் மைல் அலைந்து, ஐம்பதாயிரம் அடி படச்சுருள் சேர்த்து, 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிட்டார். அதே வருஷம் 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகம் வந்தது. அவர் எழுத்தில் தன்னைப் பற்றிய அலட்டல் அனேகமாக இல்லை. புகைப்படத்திலும் அகப்படாமல் நழுவுகிறவர். இப்போது பயணம் போகிறவர்கள் கோயிலை மறைத்துக்கொண்டு தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் படங்களைப் பார்க்கும்போது அந்தக் கூச்சத்துக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. அவருக்கும் பின்னால் பர்மா முதல் மலாயா வரை நகரத்தார் கடைகள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அறிமுகக் கடிதம் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் தனிமை பாதியாகிவிடும்.

ஆக, சும்மா போவது புதுசு. எவ்வளவு புதுசு என்றால், சட்டமே அதை வெகு காலம் அங்கீகரிக்கவில்லை. 1967 வரை பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் மனமிரங்கிக் கொடுப்பது. அந்த வருஷம் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை ஒட்டிப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. உரிமை வந்தாலும் காசு வெளியே போக விடவில்லை. கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்களின் கதைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இன்று ஒருவர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பிக்கொள்ளலாம். அந்த வரம்பைத் தொடுகிறவர்கள் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அதிகம் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. 1,500 ரூபாயில் காரியம் முடியும். அடுத்தது விசா. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாளுக்கு விசா இல்லாமல் விடுகிறது. வியட்நாம் 90 நாளுக்கு இணைய விசா தருகிறது. வண்டி அதுவரை ஓடும். ஐரோப்பா என்றால் 180 நாளில் 90 நாள்தான். அதற்கும் வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டும். இங்கேதான் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேடிக்கையான சிக்கல். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. வரி கிடையாது என்பதால் கணக்கும் கிடையாது. அப்பாவுக்கு ஆறு ஏக்கர் நஞ்சை இருந்தாலும் தூதரகத்தின் கண்ணில் அவர் வருமானம் இல்லாத மனிதர். எனவே சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் நிலையத்தில் வங்கிக் கணக்குக்கு வந்த பணம் என்று ஒரு கட்டு தயாராகும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் எழுதிய அடங்கலில் 'சம்பா நெல்' என்றிருப்பதை ஏதோ ஒரு குளிர்நாட்டு அதிகாரி சென்னையில் உட்கார்ந்து படித்து, இவன் திரும்பி வருவான் என்று நம்ப வேண்டும்.

ஊர், ஏன் போகிறாய் என்று கேட்கிறது. தூதரகம், ஏன் திரும்பி வருவாய் என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பையனிடம் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது, அதே ஆறு ஏக்கர். முதல் கேள்விக்கு இடைஞ்சலாக இருப்பதும் அதே ஆறு ஏக்கர்தான்.

மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து டெல்டாவின் நாள்காட்டியை அதுதான் எழுதுகிறது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு, இது ஏட்டுக்கணக்கு. 120 அடி கொள்ளும் அணையில் போதிய தண்ணீர் இருந்தால்தான் ஜூன் 12 ஜூன் 12ஆக இருக்கும். இல்லாவிட்டால் கர்நாடகத்து மழையையும் நடுவர் மன்றத் தீர்ப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு ஆடி வரை காத்திருக்க வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள்போல் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனை நாள் என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல முடியும். சில வருஷம் சேர்வதே இல்லை.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறைப்பாசனம். முறை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நிற்க வேண்டும். மடையைத் திறந்து, மேல் வயலின் வாமடையை அடைத்து, நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்கு ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, உடைந்த வரப்பில் சேறு அள்ளி அப்பி, வயல் நிரம்பும் வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பது ஒரு ஆளின் வேலை. தூங்கிவிட்டால் தண்ணீர் மேல்மடைக்காரன் வயலுக்குப் போய்விடும். அவன் கெட்டவன் என்பதால் அல்ல, தண்ணீருக்கு ஆள் இல்லாததால். இதற்காக நடந்த வெட்டுக்குத்தும் கோர்ட்டு வழக்கும் எந்த ஊரிலும் இரண்டு மூன்றாவது இருக்கும். கூலிக்கு ஆள் வைக்கலாம்தான். ஆனால் கூலி ஆளும் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்ட காலம் இது.

வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் ஊரில் இல்லாததற்குப் பணம் அனுப்புகிறான். அவன் இடத்தில் அந்தப் பணம் நிற்கும்; குத்தகைக்கு விடலாம், போர் போடலாம், டிராக்டருக்குத் தவணை கட்டலாம். சும்மா போகிறவன் இல்லாததற்கு ஈடாக எதுவும் வராது. அவன் பார்க்க வேண்டிய தண்ணீரை அண்ணனோ சித்தப்பாவோ அறுபது வயது அப்பாவோதான் பார்க்க வேண்டும். தனியாகப் போகிறேன் என்று அவன் சொல்வது பாதி உண்மை. அவன் தனியாக இருக்க வேண்டி நாலு பேர் ஊரில் கூட்டாக உழைக்கிறார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டதில் அந்தக் கணக்கு இருக்கிறது. 1972இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை தரைவழியாகவே பெரும்பாலும் போய், அந்த அனுபவத்தில் லோன்லி பிளானட் புத்தகங்களைத் தொடங்கிய வீலர் தம்பதிக்கு இந்தக் கணக்கு கிடையாது. திரும்பினால் ஒரு வேலை தேடிக்கொள்ளலாம், நடுவில் எவர் வயலும் காய்ந்துவிடாது என்ற நாட்டிலிருந்து அவர்கள் கிளம்பினார்கள். அந்தப் புத்தகங்களில் பைக்குள் என்ன வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக உண்டு. வீட்டில் யாரை வைத்துவிட்டுப் போவது என்று அவற்றைக் கேட்டுப் பயனில்லை.

பருவமும் எதிராகத்தான் நிற்கிறது. தென்கிழக்கு ஆசியாவைச் சுற்ற நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டெல்டாவில் அது சம்பா வயலில் நிற்கும் காலம், வடகிழக்குப் பருவமழை, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்தது. மின்கம்பம் விழுந்து, செல்போன் கோபுரம் செயலிழந்து, நாள்கணக்கில் வீட்டோடு பேச முடியாமல் வெளிநாட்டில் தவித்தவர்கள் அந்தப் பக்கத்தில் எண்ணிலடங்காதவர்கள். சம்பளத்துக்குப் போனவனுக்கு அந்தத் தவிப்பில் ஒரு சமாதானமாவது உண்டு. கடற்கரை விடுதியில் ஊஞ்சலில் படுத்திருந்தவன் என்ன சொல்லிக்கொள்வான்?

ஊருக்குத் தோதான காலம் தை அறுவடைக்குப் பிறகு. அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். அது மிச்ச ஈரத்திலும் பனியிலும் தானே வளரும், தண்ணீர் பார்க்க ஆள் வேண்டாம். மாசி முதல் வைகாசி வரை ஆறு மணலாகக் கிடக்கும். அந்த நாலு மாதம் பையனை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அப்போது வட தாய்லாந்தும் லாவோசும் காடு எரித்த புகையில் கண்ணெரியக் கிடக்கும், வெயில் டெல்டாவுக்குச் சளைத்ததல்ல. ஒரே ஒரு லாபம்: சித்திரை முதல் நாளை ஒட்டி அங்கே சோங்க்ரான் வருகிறது. தெருவெல்லாம் வாளி வாளியாக ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வீசிக் கொண்டாடுவார்கள். முறைப்பாசனத்தில் வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி முதல் அரை மணி நேரம் பதைப்பாகத்தான் இருக்கும்.

பெண் என்றால் இந்த வயல்கணக்கு எதுவும் பேசப்படாது. அவளிடம் தண்ணீர் பார்க்கும் முறையை யாரும் ஒப்படைக்கவில்லை, ஆனாலும் விடமாட்டார்கள். புருஷன் சபரில் இருக்கும் பத்து வருஷம் நாற்றங்கால் முதல் வங்கிக் கடன் வரை, வீடு கட்டும் கொத்தனார் கூலி வரை தனியாகச் சமாளித்தவளை, தனியாக எப்படிப் போவாய் என்று கேட்பார்கள். அரசாங்கமும் அந்தக் குரலில்தான் பேசுகிறது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று முத்திரை இருக்கும். அந்த வகைப் பாஸ்போர்ட்டோடு 30 வயதுக்குக் குறைந்த பெண் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது. சுரண்டலிலிருந்து காப்பதற்கு என்றுதான் விதி. காப்பதற்கு வேறு வழி யோசிக்கச் சோம்பல்பட்டவர்கள் எழுதிய விதி என்றும் சொல்லலாம்.

கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு, முதல் தடவை, தனியாகக் கிளம்ப நினைப்பவர்களுக்கு நாகப்பட்டினமே இப்போது மறுபடி ஒரு வழி வைத்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கிளம்பியது. சில நாளில் மழைக்காலம் வந்து நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கி, மழையில் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்ப ஓடியது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். இந்தக் கப்பலும் டெல்டாவின் நாள்காட்டியைத்தான் அனுசரிக்கிறது: ஐப்பசி கார்த்திகையில் படுத்துவிடும், அறுவடை முடிந்து எழுந்துகொள்ளும். உளுந்து தெளித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோதாக வேறு எந்த வாகனமும் கிடையாது. பெரியப்பாவிடம், யாழ்ப்பாணம்தான், நல்லூர்க் கந்தனையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு காரணமும் சொல்லிக்கொள்ளலாம். மேற்கொண்டு கண்டிக்கும் திருகோணமலைக்கும் அங்கிருந்து பஸ் இருக்கிறது.

காங்கேசன்துறையில் இறங்கியதும் பார்ப்பது செம்மண், பனை, புகையிலை, வெங்காயத் தோட்டம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத தமிழ்நிலத்தை டெல்டாக்காரன் முதல் முறையாகப் பார்ப்பான். மழைக்காலத்தில் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான்; மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்த கிணறு, ஒரு காலத்தில் துலா, இப்போது மோட்டார். ஆறும் இல்லை, மேட்டூரும் இல்லை, அவரவர் தோட்டத்தில் அவரவர் தண்ணீர், இங்கேயாவது ஒருவன் யாரையும் கேட்காமல் நாலு மாதம் கிளம்பிப் போகலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் தெரியும், பழைய கிணறுகளில் பல, பங்குக் கிணறு. நாலைந்து குடும்பத்துக்குப் பொது. இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்று முறை உண்டு. தன் முறையன்று ஆள் ஊரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பங்காளியிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கனடாவுக்குப் போய்விட்டவர்களின் பங்கை யார் இறைப்பது என்ற பேச்சைத் தொடங்கிவிட்டால், கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தவனை அவர்கள் சாயங்காலம் வரை விடமாட்டார்கள்.